குருதிக்கொடையும் எமது கடனும்

எமது கல்லூரி அன்னை பவளவிழாக் காணும் இவ்வேளையில், அவள் மடியில் வளர்ந்து உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழும் பழைய மாணவர்கள், அவளுக்கு யாது செய்வோம் என்று கூடிக்கூடி ஆராய்ந்து வருகின்றனர். நுழைவாயிலில் ஒரு வளைவு வேண்டும் என்பார் சிலர். பிரார்த்தனை மண்டபத்திற்குப் புதிய கதிரைகள் வேண்டும் என்பார் வேறு சிலர். ஆய்வுகூடத்தைத் திருத்தல் வேண்டும், நூல்நிலையத்துக்கு அலுமாரிகள் வேண்டும், மைதானத்துக்குச் சுற்றுமதில் வேண்டும் என்பார் இன்னும் பலர். இவையெல்லாம் வேண்டுவனவே. இவற்றுள் எதனையும் மறுத்துரைக்க யான் வந்தேனல்லேன். ஆயினும், இப்பட்டியலில் இடம்பெறாத கொடை ஒன்றுண்டு. அதற்குப் பணம் வேண்டா. அதனைச் செய்தார் பெயரைக் கல்லிற் பொறித்தலும் இயலாது. அதுவே குருதிக்கொடை. சிறப்பாக, அக்குருதியின் ஒரு பகுதியாகிய பிளாஸ்மா என்னும் திரவத்தினால் நோயாளர் பெறும் நன்மையை எடுத்துரைத்து, இவ்விழாவின் நினைவாக எமது கல்லூரிச் சமூகம் அக்கொடையை ஒரு நாட் சடங்காக அன்றி ஒரு வழக்கமாகவே மேற்கொள்ளல் வேண்டும் என்று வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் வைத்தியனல்லன், விஞ்ஞான ஆசிரியனுமல்லன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன். தமிழாசிரியனுக்குக் குருதியைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். அவ்வினாவுக்கு விடையாக, இதுகாறும் எவ்விடத்தும் எழுதாத நிகழ்ச்சி ஒன்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். அஃது எனக்குப் பெருமை தருவதன்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், முதல் நியமனம் பெற்று ஒரு கிராமப் பாடசாலையிற் கடமையாற்றினேன். அங்கே எட்டாந் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். படிப்பில் மிக்க சூட்டிகையானவன். ஆனால், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சிக்கு அழைத்தால், நாளொரு காரணங் கூறி ஒதுங்கிவிடுவான். இல்லப் பொறுப்பாசிரியனாகிய எனக்கு அது சோம்பலாகவும் பணிவின்மையாகவும் தோன்றியது. ஒருநாள் மாலை, ஏனைய மாணவர் ஓடி முடிக்கும்வரை, அவனை மைதானத்தின் ஓரத்தில் முழங்காலில் நிறுத்தினேன். அவன் அழவில்லை, மறுத்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அவனுடைய தாயார் வந்தார். வசைமொழி கேட்கப் போகின்றேன் என்று எண்ணி நின்றேன். அவரோ, "சேர், அவனிலை பிழை நினைக்காதேங்கோ. அவனுக்கு இரத்தம் கட்டாத வருத்தம். வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை" என்று மட்டுங் கூறினார். முழங்கால் மூட்டினுள்ளே குருதி கசிந்து, இரவு முழுவதும் வீங்கி, விடியற்காலையில் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றிருந்தனர்.

அன்று மாலை யான் அங்கே சென்றேன். அவனுடைய கால் தலையணைமீது உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கட்டிலருகே ஒரு சிறிய பை தொங்கிற்று. அதனுள் இருந்தது சிவந்த குருதியன்று. வெளிறிய மஞ்சள் நிறமான ஒரு திரவம். அஃதென்ன என்று தாதியை வினவினேன். முன்பின் அறியாதார் சிலர் கொடுத்த குருதியிலிருந்து பிரித்தெடுத்தது என்றும், இப்பிள்ளையின் குருதியில் இல்லாத பொருள் அதில் உண்டு என்றும் அவர் விளக்கினார். என் செயலாற் குருதி கசிந்த பிள்ளையை, யாரென்று யான் அறியாத சிலர் காத்துக்கொண்டிருந்தனர். அன்றுவரை ஒருமுறையேனும் குருதி கொடுத்தவனல்லன் யான்.

அம்மாணவர் இன்று ஒரு கந்தோரிற் பொறுப்பான பதவி வகிக்கின்றார். என்னைக் காணுந்தோறும் பணிவோடு வணக்கஞ் செலுத்துகின்றார். அந்த மாலையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. அவர் பேசாததை யான் பேசுதலே முறை என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

இனி, அந்த மஞ்சள் நிறத் திரவம் யாது என்பதை நோக்குவோம். எம் உடலில் ஓடும் குருதி செந்நிறமாகத் தோன்றினும் அஃது ஒரே பொருளன்று. உறையாவண்ணம் மருந்து சேர்த்த குருதியைக் குழாயில் இட்டு விரைவாகச் சுழற்றினால், செங்குழியங்கள் அடியிலே தங்கும். அவற்றின்மேல் வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் மெல்லிய ஏடுபோலப் படியும். அனைத்துக்கும் மேலே வைக்கோல் நிறமான தெளிந்த திரவம் நிற்கும். இதுவே பிளாஸ்மா. குருதியின் கனவளவில் ஏறத்தாழ 55 சதவீதம் இதுவே. இதில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் நீர். எஞ்சிய சிறு பங்கிலேதான் அதன் பெருமையெல்லாம் அடங்கியிருக்கின்றது. நீரைக் குருதிக் குழாய்களுக்குள்ளே பிடித்து வைக்கும் அல்புமின், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளாகிய இமியூனோகுளோபுலின், காயம்பட்ட இடத்திற் குருதியை உறையச் செய்யும் காரணிகள் ஆகிய புரதங்கள் அதனுள்ளே உள்ளன.

பிளாஸ்மா தன் இடத்தை விட்டு நீங்கினால் யாது நிகழும் என்பதை எமது மக்கள் பட்டறிந்துள்ளனர். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 180,000க்கும் மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் பீடித்தது. அந்நோய் கடுமையாகும்போது, குழாய்களின் சுவர் வழியே பிளாஸ்மா கசிந்து வெளியேறுகின்றது. எஞ்சிய குருதி தடிக்கின்றது, அமுக்கம் வீழ்கின்றது, நோயாளி அதிர்ச்சி நிலையை அடைகின்றார். வைத்தியர்கள் மணிக்கு மணி அளந்தளந்து திரவம் ஏற்றுவது இதன் பொருட்டே. வைக்கோல் நிறமான இவ்வெளிய திரவத்தின்மீதே எமது உயிர் மிதந்துகொண்டிருக்கின்றது என்பது மிகையாகாது.

பிளாஸ்மாவைப் பெறும் வழிகள் இரண்டு. ஒருவர் வழக்கம்போலக் கொடுக்கும் முழுக்குருதியைச் சுழற்றிப் பிரித்தெடுத்தல் ஒன்று. கொடையாளரின் கையிலிருந்து வரும் குருதியை இயந்திரம் அவ்விடத்திலேயே பிரித்துப் பிளாஸ்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு, குழியங்களை அவருடலுக்கே திருப்பிச் செலுத்துதல் மற்றொன்று. பின்னைய முறை அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் பெருவழக்காக உள்ளது. எமது நாட்டிற் பொதுமக்களிடம் பெரிதும் வேண்டப்படுவது முழுக்குருதியே. அதனாற் குறையொன்றுமில்லை. ஒருவர் கொடுக்கும் ஒரு பை குருதி, செங்குழியம், சிறுதட்டு, பிளாஸ்மா என மூன்றாகப் பிரிந்து மூவருக்குப் பயன்படலாம். செங்குழியங்களைக் குளிரூட்டியில் ஏறத்தாழ ஆறு வாரம் வைத்திருக்கலாம். சிறுதட்டுக்களை ஐந்து நாளளவே வைத்திருக்கலாம். பிளாஸ்மாவையோ உறையவைத்து, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையிலும் குறைந்த குளிரிற் பேணினால் ஓராண்டு வைத்திருக்கலாம்.

இனி அதன் பயன்களுட் சிலவற்றைக் கூறுவோம். மகப்பேற்றின்போது கட்டுக்கடங்காது குருதி பெருகும் தாய்க்கும், வீதி விபத்திற் பெருங்காயமுற்றோருக்கும், இழந்த குருதியோடு உறையும் ஆற்றலும் போய்விடுகின்றது. செங்குழியங்களை மட்டும் ஏற்றினால் அஃது ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலையே ஒக்கும். ஓட்டையை அடைக்கும் பொருள் பிளாஸ்மாவிலேயே உண்டு. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் கோன் என்னும் அறிஞர், குளிர்ந்த மதுசாரத்தைக் கொண்டு பிளாஸ்மாவின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முறையை 1940ஆம் ஆண்டளவில் வகுத்தார். அவ்வாறு பிரித்த அல்புமின், 1941 டிசம்பரிற் பேர்ள் துறைமுகத்தில் எரிகாயமுற்ற கடற்படையினருக்கு ஏற்றப்பட்டது.

என் மாணவரைக் காத்த பொருளின் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஜூடித் பூல் என்னும் பெண்மணி, உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் ஒரு வண்டல் எஞ்சுவதையும், குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாங் காரணி அவ்வண்டலிற் செறிந்திருப்பதையும் 1964இற் கண்டறிந்து வெளியிட்டார். எட்டாங் காரணி குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கே 'ஈமோபீலியா' என்னும் அக்குருதியுறையா நோய் பெரும்பாலும் வருகின்றது. ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் அவ்வாறு பிறக்கின்றனர். பூல் அம்மையாரின் முறைக்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. சாதாரண இரத்த வங்கி ஒன்றிலேயே அவ்வண்டலைப் பிரித்தெடுக்கலாம். எனவே, வறிய நாடுகளின் பிள்ளைகளுக்கும் ஒரு வழி திறந்தது.

உறையுங் காரணிகள் சிலவற்றை இன்று மனிதக் குருதியின்றியே ஆக்கக் கற்றுள்ளனர். ஆனால், இமியூனோகுளோபுலின் மருந்துக்கு மனிதரின் பிளாஸ்மாவே மூலம். பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளும், திடீரெனக் கைகால் சோர்ந்து மூச்சுவிடவும் இயலாது போகும் 'கிலன்-பரே' நோயுற்றோரும் அதனால் உயிர் பெறுகின்றனர். அம்மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் ஆயிரம் பேருக்குக் குறையாதோரின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்து ஆக்கப்படுவது. ஆயிரவர் தம் வாழ்நாளில் எதிர்த்து வென்ற நோய்களின் அனுபவமெல்லாம் ஒரு சிறு புட்டியினுள் அடங்குகின்றது. ஊர் கூடித் தேரிழுத்தல் என்பது இதுவன்றோ?

பிளாஸ்மா சகல நோய்க்கும் மருந்தென்று யான் கூறவில்லை. 2020இற் கொரோனா நோய் பரவியபோது, அந்நோயினின்று மீண்டோரின் பிளாஸ்மாவை நோயாளருக்கு ஏற்றினால் நலம் விளையும் என்று பலரும் நம்பினர். வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டிருந்தோரிற் பெரும்பாலோருக்கு அதனாற் பயனில்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் 2021இற் காட்டின. எந்நோய்க்கு எதனை ஏற்றுவது என்பதை வைத்தியர்களே தீர்மானிப்பர். அவர்கள் வேண்டும் வேளையில் அஃது இருத்தல் வேண்டும் என்பதே எம்மைச் சார்ந்த கடன்.

எமது சமயமும் இலக்கியமும் கொடையை எவ்வளவோ போற்றியுள்ளன. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்த சிபி, தன் எலும்பையே வழங்கிய ததீசி முனிவர், தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பர் ஆகியோரின் கதைகளை வகுப்பறையில் யானே பலமுறை உருக்கத்தோடு கூறியிருக்கின்றேன். ஆனால், ஓர் ஐயம் அண்மைக் காலமாக என் மனத்தில் எழுவதுண்டு. கொடை என்றால் அத்துணைப் பெருஞ்செயலே ஆதல் வேண்டும் என்று மாணவர் எண்ணிவிடின், தம்மால் எளிதிற் செய்யக்கூடியதையும் செய்யாதொழிவரன்றோ? சிபி அரிந்த தசை மீள வளர்வதன்று. நாம் கொடுக்கும் பிளாஸ்மாவோ ஓரிரு நாளிலேயே உடலில் மீள நிரம்பிவிடுகின்றது. செங்குழியங்கள் சில வாரங்களில் நிரம்புகின்றன. இங்கே வேண்டப்படுவது வீரமன்று, ஒழுங்கு. உயிரைக் கொடு என்று எவரும் கேட்கவில்லை. தவறாது வா என்றே கேட்கின்றனர்.

இதற்குச் சான்றாக ஒருவரைக் கூறுவேன். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்பவர், தமது பதினான்காம் வயதில் நெஞ்சிற் பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, பிறர் கொடுத்த குருதியாற் பிழைத்தார். பதினெட்டு வயதானதும் தாமும் கொடுப்பது என்று உறுதி பூண்டு, 1954இற் கொடுக்கத் தொடங்கினார். அவர் மன்னருமல்லர், முனிவருமல்லர். ரயில்வேப் பகுதியில் எழுதுவினைஞராகப் பணி புரிந்தவர். ஊசியைக் கண்டால் அவருக்கு அச்சம். கையிற் குத்தும்போது ஒருநாளும் அதனைப் பார்த்ததில்லையாம். அவருடைய பிளாஸ்மாவில் 'அன்ரி-டீ' என்னும் அரிய பிறபொருளெதிரி மிகுதியாக இருப்பது பின்னர் அறியப்பட்டது. தாயின் குருதி றீசஸ் எதிரினமாகவும் சிசுவின் குருதி றீசஸ் நேரினமாகவும் இருக்குமாயின், தாயின் உடல் சிசுவின் செங்குழியங்களைப் பகையெனக் கருதி அழிக்கத் தலைப்படும். அதனாற் கருவிலேயே குழந்தைகள் மடிவதுண்டு. அவ்வாறு நேராவண்ணம் தாய்க்கு இடும் ஊசிமருந்து, ஹரிசனைப் போன்றோரின் பிளாஸ்மாவிலிருந்தே ஆக்கப்படுகின்றது. வயதெல்லை வந்து 2018இல், தமது 81ஆம் வயதில் நிறுத்தும்வரை, அவர் 1,173 முறை கொடுத்தார். அவரது கொடையாற் பயன்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 24 இலட்சம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. 2025 பெப்ரவரியில் 88ஆம் வயதில் உறக்கத்திலேயே அமைதியாக மறைந்தார். அவர் செய்த அருஞ்செயல் யாது? முறை தவறாது சென்று, நாற்காலியில் அமர்ந்து, முகத்தை மறுபுறந் திருப்பிக்கொண்டது. அவ்வளவே.

இனி, கொடைக்கு விலை பெறலாமா என்னும் வினாவை ஆராய்வோம். வள்ளுவர் 'ஈகை' என்னும் அதிகாரத்திற் 'குறியெதிர்ப்பை' என்று ஒரு சொல்லை ஆளுகின்றார். அயல்வீட்டில் ஒரு கொத்து அரிசி கைமாற்றாக வாங்கி, பின்னர் அதே கொத்தால் அளந்து கொடுப்பது போன்றது அது. அது பிழையன்று, ஆனால், ஈகையுமன்று. முன்னர் எமது நாட்டு வைத்தியசாலைகளில், நோயாளிக்கு ஏற்றிய குருதிக்கு ஈடாக உறவினர் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது குறியெதிர்ப்பையே. இன்று அவ்வழக்கம் நீங்கி, இந்நாட்டிற் சேகரிக்கப்படும் குருதி முழுவதும் ஈடும் விலையும் கருதாத தொண்டர்களிடமிருந்தே பெறப்படுகின்றது. 2014ஆம் ஆண்டின் உலகக் குருதிக் கொடையாளர் தினத்தை, அஃதாவது குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்ரைனரின் பிறந்தநாளாகிய ஜூன் 14ஐ, முன்னின்று நடத்தும் பேறு இலங்கைக்குக் கிடைத்தது. இது நாம் அனைவரும் பெருமைப்படத்தக்கது.

விலை புகுந்த இடங்களில் நிகழ்ந்தவற்றையும் அறிதல் நன்று. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990களிற் குடியானவர் பலர் வறுமையாற் பிளாஸ்மாவை விற்றனர். பலரின் குருதியை ஒன்றாகக் கலந்து பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய செங்குழியங்களை அவர்களுக்கே திருப்பி ஏற்றினர். ஒருவரிடமிருந்த எயிட்ஸ் கிருமி ஊர் முழுவதும் பரவிற்று. இக்கொடுமையை அஞ்சாது வெளிப்படுத்திய முதிய வைத்தியர் காவோ யாவோஜியே அம்மையார், பிறந்த நாட்டை விட்டு நீங்கி, 2023இல் நியூயோர்க்கில் மறைந்தார்.

ஐக்கிய இராச்சியத்தில் 1970களிலும் 1980களிலும், குருதியுறையா நோயுற்றோருக்கு அளித்த மருந்துகள் பலவும் அமெரிக்காவிலிருந்து வந்தன. அங்கே விலைபெற்றுப் பிளாஸ்மா கொடுத்தோருட் சிறைக்கைதிகளும் இருந்தனர். அம்மருந்துகளாலும், நோய்க்கிருமி கலந்த குருதியை ஏற்றியதாலும் 30,000க்கும் மேற்பட்டோர் கொடிய நோய்களுக்கு ஆளாயினர் என்று, 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை கூறுகின்றது. அவ்வறிக்கையில் ஒரு பாடசாலை பற்றிய பகுதி உண்டு. 1970 முதல் 1987 வரை அங்கே பயின்ற, குருதியுறையா நோயுற்ற மாணவர் 122 பேருள் இன்று எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 30 பேரே. அதனை வாசித்தபோது, தலையணைமீது காலை வைத்துப் படுத்திருந்த என் மாணவனின் முகமே என் கண்முன் நின்றது.

வறுமையால் விற்பவரை இகழ்வது என் நோக்கமன்று. இன்று உலகிற் பயன்படும் பிளாஸ்மா மருந்துகளிற் பெரும்பகுதி அமெரிக்காவில் விலைபெற்றுக் கொடுப்போரிடமிருந்தே வருகின்றது என்பதையும், கிருமிகளை அழிக்கும் முறைகள் திருந்தியபின் அம்மருந்துகள் பெரிதும் பாதுகாப்பாகிவிட்டன என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. எத்தனையோ உயிர்கள் அதனால் நிலைக்கின்றன. ஆனால், பணத்தின் பொருட்டு வருபவருக்குத் தமது நோயை மறைக்கும் ஆசை எழும்; பிறர் நலம் ஒன்றையே கருதி வருபவருக்கு உண்மை கூறுவதால் இழப்பதொன்றுமில்லை. றிச்சட் டிட்மஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1970இல் வெளியிட்ட நூலில் இதனையே விரித்துரைத்தார். கொடுக்குமுன் எழுதிக் கொடுக்கும் வினாத்தாளுக்கு மெய்யான விடையளித்தலும் கொடையின் ஒரு பாகமே. வாய்மை இல்லாத ஈகை நஞ்சாகவும் மாறும்.

முழுக்குருதியில் தன் காலில் நிற்கும் எமது நாடு, பிளாஸ்மாவிலிருந்து பிரித்தாக்கும் மருந்துகளுக்குப் பெரிதும் பிறநாடுகளையே நம்பியிருக்கின்றது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. 2023இல் வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இமியூனோகுளோபுலின் மருந்தின் தரம் பற்றி ஐயம் எழுந்து, அது வழக்காகி நீதிமன்றம் வரை சென்றதைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். வறிய நாடுகள் தம் மக்களின் பிளாஸ்மாவை வீணாக்காது, அதனின்று தமக்கு வேண்டும் மருந்துகளைப் பெற வழிகாணல் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வழிகாட்டி நூலொன்றையே வெளியிட்டது. அவ்வழியைத் திறப்பது அரசின் கடமை. ஆயின், அதற்கு முதல் வேண்டுவது தடையின்றி வந்துகொண்டிருக்கும் தூய குருதி. அது மக்களின் கடமை.

இங்கேதான் எமது கல்லூரிச் சமூகத்திடம் ஒரு குறையைக் காண்கின்றேன். நாம் கொடுக்காதவர்களல்லர், விழாவிற்கு விழா கொடுப்பவர்கள். ஆண்டு நிறைவில் ஓர் இரத்ததான முகாம் நடக்கும், பதாகை கட்டுவோம், படம் பிடிப்போம், பத்திரிகையில் வரும். அடுத்த முகாம் எப்போதென்று எவரும் கேட்பதில்லை. நோயாளியின் குருதி விழா நாள் பார்த்துக் கசிவதில்லையே!

ஆதலின் என் வேண்டுகோள் இதுவே. இந்நாட்டின் விதிப்படி, 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட நலமுடையோர், நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருதி கொடுக்கலாம். கல்லூரியின் ஆண்டோ மூன்று தவணைகளைக் கொண்டது. தவணைக்கு ஒரு நாளைக் குறித்து, இரத்த வங்கியினரை அழைத்து, பழைய மாணவரும் ஆசிரியரும் வயது வந்த உயர்தர வகுப்பு மாணவரும் ஒன்றுகூடிக் கொடுத்தல் வேண்டும். அதற்கென ஒரு வரவுப் பதிவேடு அதிபரின் மேசையில் இருத்தல் வேண்டும். கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் உள்ள பழைய மாணவர், தாம் வாழும் ஊரின் இரத்த வங்கியிற் கொடுத்து, அந்நாளை எழுதி அனுப்பலாம். இயந்திரத்தின் வழியே பிளாஸ்மா மட்டும் கொடுக்கும் வசதியுள்ள நாடுகளில் வாழ்வோர் அதனையும் செய்யலாம். வளைவைக் கட்டுவோம், அதன்கீழ் ஆண்டுக்கு மூன்று முறை இவ்வாறு நுழைவோம்.

இதற்குக் கூறப்படும் தடைகள் சில. உடல் மெலிந்துவிடும் என்பர். வளர்ந்தோர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு; எடுப்பது அதிற் பத்திலொரு பங்கினுங் குறைவு. மரக்கறி உணவுண்போர் கொடுத்தலாகாது என்பர். அவ்வாறு விதியொன்றும் இல்லை; குருதியிலுள்ள ஈமோகுளோபினின் அளவைச் சோதித்த பின்னரே எவரிடமிருந்தும் எடுப்பர். விரதமிருந்து வெறுவயிற்றோடு செல்லாது, உணவும் நீரும் கொண்டு செல்லல் வேண்டும் என்பதே நினைவிற் கொள்ளவேண்டியது. ஏபி வகையினர், தம் குருதி மிகச் சிலருக்கே பொருந்தும் என்று ஒதுங்குவதுண்டு. அவர்களின் செங்குழியங்களைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால், அவர்களின் பிளாஸ்மா எவ்வகையினருக்கும் பொருந்தும். எமக்கு வேண்டாதது என்று நாம் ஒதுக்குவதே மற்றோரிடத்திற் பெரிதும் வேண்டப்படுவதாகின்றது.

இன்னுமொன்று கூறல் வேண்டும். 1940இல் ஜேர்மனியரின் குண்டுவீச்சுக்கு ஆளான பிரித்தானிய மக்களுக்காக, நியூயோர்க்கிற் பிளாஸ்மா சேகரித்து அனுப்பும் பணியை மேற்பார்த்தவர் சார்ள்ஸ் ட்ரூ என்னும் கறுப்பின வைத்தியர். பின்னர் அமெரிக்காவிற் கறுப்பினத்தவரின் குருதியை முதலில் ஏற்க மறுத்தும், பின் ஏற்று வேறாகப் பிரித்து வைத்தும் நடந்தனர். அதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவுமில்லை என்று அவர் கண்டித்தார். இதனை வாசித்து அமெரிக்கரை நகைக்கும் எமக்கு, எமது கிணறுகளும் கோயில் வாயில்களும் ஒருகாலத்தில் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்பது நினைவுக்கு வருதல் வேண்டும். இரத்த வங்கியின் பையில் குருதி வகை எழுதப்பட்டிருக்கும். குலமோ இனமோ சமயமோ எழுதப்பட்டிராது. எமது பிள்ளைகள் மூடுபலகையில் எழுதும் சமத்துவக் கட்டுரைகள் பலவற்றைக் காட்டிலும், அப்பை ஒன்றே சிறந்த பாடம்.

மாணவச் செல்வர்களே! எனக்கு வயது 45. விதி அனுமதிக்கும் 60 வயதுவரை, ஆண்டுக்கு மூன்று முறையாக, இனி 45 முறை கொடுக்கலாம். இவ்வாண்டு 18 வயதெய்தும் உங்களுள் ஒருவர், நலத்தோடிருந்து தவறாது சென்றால் 126 முறை கொடுக்கலாம். என்னாற் கொடுக்க முடியாது போன ஆண்டுகளை நினைந்து யான் வருந்துகின்றேன். நீங்கள் அவ்வாறு வருந்தவேண்டியதில்லை.

யான் முழங்காலில் நிறுத்திய அம்மாணவனுக்கு அன்று குருதி கொடுத்தோர் யாவர் என்பதை இன்றுவரை அறியேன். அவர்களுக்கு நன்றி கூறவும் வழியில்லை. அடுத்த தவணையில் அந்நாள் குறிக்கப்படுமாயின், வரிசையில் முதலாவதாக நிற்பேன். என் பின்னே நிற்போர் எத்தனை பேர் என்பதிலேயே இப்பவளவிழாவின் பயனை யான் அளந்தறிவேன்.

வாழ்க எமது கல்லூரி!